டெத் மெட்டல் கச்சேரியை லயன் வீட்டில் பார்ப்பது எப்படி?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஹெட்போனில் ஆல்பமாகக் கேட்டுப் பிடித்துப்போன டெத் மெட்டல் (உறுமும் குரலும் அதிவேக முரசும் கொண்ட கனத்த ராக் இசை) பாடல்களை, அதே இசைக்குழு மேடையில் வாசிக்கும் வீடியோவாக டிவியில் போட்டால் வெறும் இரைச்சலாக இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். உள்ளறையில் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சேர்த்துவைத்த பணத்தில் சவுண்ட்பாருக்குத் துணையாக கீழ் அதிர்வுகளுக்கென்றே உள்ள ஒலிபெருக்கியான சப்வூஃபர் ஒன்றைப் பெரிதாக வாங்கிவிட்டால் நேரில் பார்ப்பதுபோல் ஆகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. சப்வூஃபரைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. மேடையை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? முடியாதென்றால், இந்த இசையை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது?

சென்னையிலும் பெங்களூரிலும் பல ஆண்டுகள் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் இன்ஜினியராக வேலை பார்த்தவன் நான். இப்போது குன்னூரில் இருக்கிறேன். கோயில் திருவிழாவின் மெல்லிசைக் கச்சேரி முதல் கல்லூரி விழாவின் மெட்டல் குழு வரை எல்லாவற்றுக்கும் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியின் முன்னால் நின்றிருக்கிறேன். ஒலியைப் பற்றி இங்கே சொல்வது அந்தப் பழக்கத்திலிருந்து வருவது. காதையும் தொண்டையையும் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் மருத்துவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அறையில் உட்கார்ந்து கேட்காமல் சில விஷயங்களை இங்கிருந்து தீர்மானிக்கவும் முடியாது. ஆனால் ஒன்றை இப்போதே உறுதியாகச் சொல்லிவிடலாம்: அந்தப் பணத்தில் சப்வூஃபர் வாங்க வேண்டாம்.

இரைச்சல் ஏன் வருகிறது? கிடாரின் மிகத் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் 82 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 82 முறை, அதிரும். டெத் மெட்டல் குழுக்களில் பெரும்பாலானவை அந்தச் சுருதியை இன்னும் கீழே இறக்கி வாசிப்பவை. ‘பி’ சுரம் வரை இறக்கினால் 62 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு இணையாக வாசிக்கும் பேஸ் கிடார் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே, 31 ஹெர்ட்ஸில் தொடங்கும். மெல்லிய டிவிக்குள்ளும் சவுண்ட்பாருக்குள்ளும் அடங்கும் சிறிய ஒலிபெருக்கிகள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆக இந்த இசையின் அடித்தளம் உங்கள் டிவியிலிருந்து வெளியே வரவே இல்லை. இன்னொரு பக்கம், கிடாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயரில் வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். அப்படிச் சிதைக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே ஏராளமான மேல் அதிர்வுகள் பிறக்கின்றன. முரசுக்காரர் அடிக்கும் உலோக வட்டங்களான சிம்பல்களும் அதே உயரத்தில்தான் ஒலிக்கின்றன. பாடகரின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டிய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லாமல், மேலே எல்லாம் ஒரே இடத்தில் நெரிந்து வருவதைத்தான் நீங்கள் இரைச்சல் என்கிறீர்கள். உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை.

ஆல்பத்தில் ஏன் அப்படி இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். ஒரே கிடார் பகுதியை இரண்டு முறையோ நான்கு முறையோ வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் ஒன்றை வலது காதுக்கும் பிரித்துவைப்பது வழக்கம். நடுவே குரலுக்கும் முரசுக்கும் இடம் கிடைக்கும். மேடையில் அந்த வசதி கிடையாது. பாடகரின் மைக்கிலேயே பின்னால் இருக்கும் சிம்பல் புகுந்துவிடும். இரண்டு கிடார்கள் இருந்தால் இரண்டே கிடார்கள்தான். உங்கள் சவுண்ட்பார் இடதையும் வலதையும் ஒரு முழ இடைவெளிக்குள் சேர்த்து அடைத்துவிடுவதால், மிச்சமிருந்த இடமும் போய்விடுகிறது.

சப்வூஃபர் வந்தால் கீழ்ப்பகுதி நிரம்பிவிடுமே என்று தோன்றும். பெரிய அரங்கில் நிரம்பும். லயன் வீட்டின் பத்தடி அறையில் நிலைமை வேறு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி இருந்தால், ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் அந்த அறை தானாகவே முழங்கத் தொடங்கும். பன்னிரண்டடி என்றால் 47 ஹெர்ட்ஸ். இது கணக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இறக்கிய கிடாரின் கீழ்ச்சுரங்களும் பேஸ் கிடாரும் புழங்கும் இடமும் அதுவே. சில சுரங்கள் மட்டும் பூதாகாரமாக எழும். பக்கத்திலுள்ள சுரங்கள் காணாமல் போகும். காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய முரசுதான் மிதிமுரசு; இரண்டு கால்களாலும் வேகமாக மிதிக்கும் அந்த இரட்டை மிதிமுரசின் அடி ஒவ்வொன்றும் ஓய்வதற்குள் அடுத்தது வந்து விழுந்து, தனித்தனி அடிகள் ஒரே உறுமலாகக் குழம்பிவிடும். தரையில் விரிக்கும் ஜமக்காளமும் ஜன்னலுக்குப் போடும் தடித்த திரையும் மேல் அதிர்வுகளைத்தான் உறிஞ்சும். இந்தக் கீழ் அதிர்வுகளை அவை தொடுவதில்லை. நீங்கள் சரியாக எந்த இடத்தில் உட்காருகிறீர்கள், கதவு திறந்திருக்கிறதா, கூரைக்கு அடியில் பலகை அடித்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்து முழக்கத்தின் அளவு மாறும். ஆனால் அந்த அளவு அறையில் பெரிய சப்வூஃபர் தெளிவைக் கூட்டி நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுக்கும் அதுவே பெரிய தொந்தரவு. கீழ் அதிர்வு சுவர் வழியாகவும் தரை வழியாகவும் பயணம் செய்யும். அவர்களுக்குப் பாடலே கேட்காது. ‘தும் தும்’ என்ற துடிப்பு மட்டும் படுக்கையில் வந்து இடிக்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முட்டை அட்டைக்கு எடை இல்லை. எடை இல்லாத எதுவும் கீழ் அதிர்வைத் தடுக்காது. எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நமது மலையின் ஈரத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், தீப்பிடிக்கவும் கூடும். சட்டமும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்திலுள்ள ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. லாரியும் ஹாரனும் நிறைந்த நகரத்தில் இந்த வரம்பு ஏட்டோடு நின்றுவிடலாம். இரவில் பூச்சிச் சத்தம் மட்டுமே கேட்கும் ஒரு தோட்டத்தில், காலையில் ஏழு மணிக்கு இலை பறிக்கப் போக வேண்டியவர் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும்போது, அந்த எண்கள் நியாயமானவை என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஹெட்போன். அதுவும் வயர் உள்ள ஹெட்போன். இதை அழுத்திச் சொல்வதற்கு டெத் மெட்டலுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. இந்த இசையில் ‘பிளாஸ்ட் பீட்’ என்ற வாசிப்பு உண்டு: மிதிமுரசும் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் முரசும் மாறி மாறியோ சேர்ந்தோ மிக வேகமாக ஒலிக்க, கூடவே சிம்பலும் ஓடும். நிமிடத்துக்கு 240 தாள அடி என்ற வேகத்தில், ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்து வாசித்தால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 62.5 மில்லிசெகண்ட்தான். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வருவது சகஜம். அதாவது நீங்கள் கண்ணால் பார்க்கும் தட்டு காதில் விழுவதற்குள் வாசிப்பவர் இரண்டு முதல் நான்கு தட்டுகள் முன்னே போயிருப்பார். மெதுவான பாடலில் இது தெரியாது. இங்கே கையும் ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஏதோ பொய்யாக வாசிப்பதுபோல் ஓர் எரிச்சல் வரும். காரணம் பிடிபடாமல் இசைக்குழுவைக் குறை சொல்வோம். சில டிவிகள் இந்தத் தாமதத்தைத் தாமே ஈடுகட்டும். பல டிவிகளில் ஒலித் தாமதத்தைக் கையால் திருத்தும் அமைப்பு இருக்கிறது. ஆனாலும் வயர் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. டிவியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் லேப்டாப்பில் பாருங்கள். திரை சிறிதாக இருந்தாலும் ஒலியும் காட்சியும் சேர்ந்து வருவதே இங்கே முக்கியம்.

டிவியில்தான் பார்ப்பதென்றால் இரண்டு அமைப்புகளை அணைத்துவிடுங்கள். அசைவை மென்மையாக்குவதாகச் சொல்லும் அமைப்பு இடையிடையே தானாகப் படங்களை உருவாக்கிச் செருகும். வேகமாக ஓடும் முரசுக் குச்சிகள் அதில் கரைந்துபோகும். சத்தத்தைத் தானாகச் சமன்செய்யும் அமைப்போ, மெதுவான இடத்தை உயர்த்தி உரத்த இடத்தை அமுக்கி, இசையின் ஏற்ற இறக்கத்தையே அழித்துவிடும்.

சத்தத்தைக் குறைத்துக் கேட்டால் உயிர் போய்விடுகிறதே என்கிறீர்கள். அது உண்மையான அனுபவம்தான். அதற்கு விளக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது தெரிந்ததே: ஒலி குறையக் குறைய, நம் காதுக்கு நடு அதிர்வுகளைவிடக் கீழ் அதிர்வுகள் அதிகமாக மங்குகின்றன. எனவே குறைந்த சத்தத்தில் கேட்கும்போது 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பகுதியை மூன்று நான்கு டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போகாதீர்கள். போனால் மிதிமுரசு கிடாரை விழுங்கிவிடும். ஒரு விஷயம் மலையில் இருப்பவர்களுக்கு மட்டும்: மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வந்த கையோடு இந்த அமைப்புகளைத் திருத்த உட்காராதீர்கள். காது அடைத்திருக்கும்போது எல்லாமே பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், கூட்டிக்கூட்டி வைத்துவிடுவீர்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இசையே வேறுமாதிரிக் கேட்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஒலிபெருக்கியின் சத்தம் அதனால் இம்மியளவு குறையும். சத்தக் கட்டுப்பாட்டை ஒரு புள்ளி நகர்த்தினால் சரியாகிவிடும்; சுருதியோ தெளிவோ மாறாது.

காதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவுகோல்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம். மெட்டல் கச்சேரி நடக்கும் இடத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியை ஹெட்போனில் அந்த அளவில் கேட்க முயன்றால், இழப்பது திரும்பி வராத ஒன்று. கையெட்டும் தூரத்தில் ஒருவர் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம். முடித்தபின் காதில் ‘ஙொய்’ என்று ஒலித்தால் நிச்சயமாக அதிகம்; அது மறுநாளும் தொடர்ந்தால் காது மருத்துவரைப் பாருங்கள். என் தொழிலில் இருந்தவர்களில் காது போனவர்களை நேரில் அறிவேன் என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நேரில் நிற்கும்போது மிதிமுரசு நெஞ்செலும்பில் வந்து மோதுவது, முன்வரிசைக் கூட்டம் சுழல்வது, வியர்வை, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாதவன் விழுந்தால் நான்கு கைகள் அவனைத் தூக்கி நிறுத்துவது ஆகியவற்றை வீட்டில் எந்தக் கருவியாலும் உருவாக்க முடியாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கச்சேரி வீடியோவில் நீங்கள் கேட்பது, அன்று அரங்கில் நின்றவர்கள் கேட்டது அல்ல. மேடையில் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்து, பிறகு ஸ்டுடியோவில் வைத்துப் புதிதாகக் கலக்கிறார்கள். கூட்டத்தின் ஆரவாரத்துக்கென்று வைத்த மைக்குகளைத் தேவைப்படும் இடத்தில் கூட்டிக் குறைக்கிறார்கள். இதுவரை உறுதி. தவறிய இடங்களைப் பின்னர் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்து ஒட்டுவதும் இந்தத் துறையில் இருக்கும் வழக்கமே. ஆனால் ஒரு குறிப்பிட்ட வீடியோவில் அது நடந்ததா என்பதைக் காதால் மட்டும் கேட்டு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாடகர் மைக்கை விட்டு விலகியபின்னும் குரல் கேட்கிறது என்று ஆதாரம் காட்டுவார்கள். வேறொரு நொடியில் எடுத்த காட்சியை எடிட்டர் அங்கே வைத்திருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

அரங்கில் நிற்பவருக்குக் கிடைக்காத ஒன்று வீட்டில் உங்களுக்குக் கிடைக்கிறது: வேலை நடப்பதைப் பார்க்க முடியும். இருபதாவது வரிசையில் நின்று மேடையைப் பார்த்தால் தெரிவது தலைமுடியும் புகையும் விளக்கும்தான். முரசு வாசிப்பவரின் கால்களை அங்கிருந்து யாரும் பார்த்ததில்லை. கேமரா அங்கே போகிறது. ஆகவே முதல் தடவை பார்க்கும்போது பாடகரை விட்டுவிடுங்கள். முரசுக்காரரை மட்டும் பாருங்கள். இரண்டு மிதிகளில் இரண்டு கால்கள். வேகம் கூடக் கூடத் தொடையின் அசைவு குறைந்து கணுக்கால் மட்டும் வேலை செய்வதைக் கவனியுங்கள். பிளாஸ்ட் பீட் தொடங்குவதற்கு ஒரு தாள வட்டத்துக்கு முன்னால் அவர் தோள்கள் தளர்வதைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அந்த வேகத்தில் அரை நிமிடம்கூடத் தாங்காது. தவில்காரர்கள் தனி வாசிக்கும்போது, மேளம் உச்சத்துக்குப் போகப் போக முகம் அமைதியாவதை நம் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். அதே அமைதியை இங்கும் காணலாம். மார்பிட் ஏஞ்சல் குழு 1989-இல் கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் முரசுக்காரர் பீட் சாண்டோவல் வாசித்தபின், இந்த வேகம் அடுத்து வந்த தலைமுறைக்கே ஓர் அளவுகோலாகிவிட்டது.

மிதிமுரசில் சென்சார் பொருத்தி, ஒவ்வொரு மிதிக்கும் முன்பே பதிவுசெய்த ஓர் ஒலியை எழுப்புவது இந்த இசையில் பரவலான முறை. இது ஏமாற்று என்று ரசிகர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். என் கருத்து: ஏமாற்று அல்ல. சென்சார் ஒலியின் பருமனைச் சீராக்குகிறது. நேரத்தை அது தருவதில்லை. கால் பிசகினால் பிசகிய நேரத்தில்தான் ஒலி வரும், அதுவும் இன்னும் அப்பட்டமாக.

இரண்டாம் தடவை கிடார்காரர்களின் வலது கையைப் பாருங்கள். ஒரே தந்தியை மேலும் கீழும் விடாமல் மீட்டுவதும், உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் வைத்து ஒலியை அடக்குவதும் மாறி மாறி வரும். அந்த அடக்கிய ஒலி மிதிமுரசோடு ஒட்டிப் போகும் இடங்களைக் காது தேடிப் பிடிக்கட்டும். பேஸ் கிடார்காரரை யாரும் கவனிப்பதில்லை. கேனிபல் கார்ப்ஸ் குழுவின் அலெக்ஸ் வெப்ஸ்டர் மூன்று விரல்களால் மீட்டுவதைக் கிட்டத்தில் காட்டும் காட்சி கிடைத்தால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களால் எட்ட முடியாத வேகத்தை மூன்றாவது விரல் எப்படிச் சமாளிக்கிறது என்பது புரியும். பிறகு பாடல் முடியும் நொடிகள்: நான்கு ஐந்து பேர் அந்த வேகத்திலிருந்து ஒரே கணத்தில் நிற்கிறார்கள். நிற்பதற்கு முன் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் இடம் அது. இப்படி ஒரு தடவை கையையும் காலையும் பிரித்துப் பார்த்தபின் மறுபடி கேட்டுப் பாருங்கள். இரைச்சலாகக் கேட்டது தனித்தனி வேலைகளாகப் பிரிந்து நிற்கும். இதற்குப் பெரிய சத்தம் தேவைப்படாது. கண் காட்டிக்கொடுப்பதைக் காது தானாகப் பின்தொடரும்.

குரலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த உறுமலில் சொற்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் புரியாது. பாடல்வரிகளை முன்பே படித்துவிட்டு உட்காருவதே எல்லோருக்கும் வழி. உண்மையான குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் அதிர்வதால் அந்த ஒலி எழுகிறது. முறையாகப் பழகியவர்கள் பல்லாண்டுகள் பாடுகிறார்கள்: கேனிபல் கார்ப்ஸின் ஜார்ஜ் ஃபிஷர் 1995 முதல் அந்தக் குழுவில் பாடிவருகிறார். ஆண் தொண்டைக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆர்ச் எனிமி குழுவில் ஏஞ்சலா காசோ 2000 முதல் 2014 வரை இப்படித்தான் பாடினார். நீண்டகாலத்தில் தொண்டைக்கு என்ன ஆகும் என்பதில் இறுதியான தீர்ப்பு எதுவும் இல்லை. ஆளுக்கு ஆள் உடற்கூறும் பழக்கமும் வேறுபடுகின்றன. வீடியோவைப் பார்த்து நீங்களே முயல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வலித்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

எதிலிருந்து தொடங்குவது? ஸ்வீடனின் ஓபெத் குழு 2010-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்திய நிகழ்ச்சியின் வீடியோ ஒரு நல்ல வாசல். அதன் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் ஒரே பாடலுக்குள் உறுமலும் தெளிந்த குரலுமாக மாறி மாறிப் பாடுவார். இசையும் அடங்கி எழும். காதுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அடுத்து, ஃபுளோரிடாவில் சக் ஷுல்டினர் தொடங்கிய ‘டெத்’ குழு 1998 டிசம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸின் விஸ்கி அ கோ கோ என்ற சிறிய அரங்கில் வாசித்தது. மூளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த ஷுல்டினரின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட 2001-இல் அந்தப் பதிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று, 34 வயதில் அவர் இறந்துவிட்டார். படப்பிடிப்பில் பகட்டு எதுவும் இல்லை. ஆனால் நான்கு பேர் வாசிப்பதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க இதைவிட நேர்மையான பதிவு எனக்குத் தெரிந்து குறைவு.

பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘யாரை அடிக்கிறார்கள்’ என்று அவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு இந்த இசை பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உரத்த இசையே அவருக்கு அந்நியம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ஊதுகருவியும் கொம்பும் தோல் கருவிகளும் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் முழங்கிய மலை இது. பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், 2024 ஜூலை 26 அன்று, சேன் நதிக்கரையின் பழைய கான்சியர்ஜெரி கட்டடத்து ஜன்னல்களில் நின்று வாசித்த பிரெஞ்சுக் குழு கோஜிரா. டெத் மெட்டலிலிருந்து கிளைத்து வளர்ந்த குழு அது. அந்தச் சில நிமிடங்களை அவருக்குக் காட்டிப் பாருங்கள். தீயும் சிவப்புக் காகிதச் சுருள்களும் அவர் கண்ணுக்கு விருந்தாகலாம். அதே நேரம், சில குழுக்களின் பாடல்வரிகளிலும் அட்டைப் படங்களிலும் இருக்கும் குரூரத்தை, குறிப்பாகப் பெண்கள்மேல் நடக்கும் வன்முறையை வைத்து எழுதியவற்றை, ‘கலை’ என்று சொல்லி நான் காப்பாற்ற மாட்டேன். வாசிப்பை மதித்துக்கொண்டே அந்த வரிகளை வெறுக்க முடியும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் என்ன ஓடுகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர் நடைமுறை. மழை பிடித்துக்கொண்டால் இணையம் தளரும். உடனே வீடியோவின் தரம் தானாகக் குறையும், கூடவே ஒலியும். ஒலியைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது சிம்பல்கள். தண்ணீருக்குள் சுழல்வதுபோல் ஒரு சலசலப்பு கேட்கும். டெத் மெட்டலில் சிம்பல் ஓயவே ஓயாது என்பதால் மொத்தமும் கெட்டுப்போகும். எனவே இணையத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதைவிட, அனுமதியுள்ள செயலிகளில் உயர்ந்த தரத்தில் முன்பே இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. அக்டோபர், நவம்பரில் தகரக் கூரைமேல் மழை கொட்டும் இரவுகளில் ஹெட்போன் இருந்தும் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். அன்று பார்க்காதீர்கள், காதுக்குத்தான் கேடு. பழைய டிவிடிகளோ கேசட்டுகளோ வைத்திருந்தால் ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். இன்னொன்று, கோத்தகிரிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன்: ஹெட்போனை மாட்டியபடி இரவில் வெளியே வராதீர்கள். கரடியும் காட்டெருமையும் லயன் வாசல்வரை வரும் இடத்தில் காதுதான் முதல் காவல்.

சப்வூஃபருக்கு வைத்த பணத்தில் காதை முழுவதும் மூடும், வயர் உள்ள நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். வாங்கும்முன் உங்களுக்குப் பழக்கமான ஒரு பாடலைக் கடையிலேயே மெதுவான சத்தத்தில் போட்டு, மிதிமுரசின் அடிகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்; கீழ்ப்பகுதி மிகையாக முழங்கும் ஹெட்போனைத் தள்ளிவிடுங்கள். மிச்சப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். பெங்களூரில் 2012 முதல் ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ என்ற மெட்டல் விழா நடந்துவருகிறது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது ஒரு டிக்கெட் எடுங்கள். சத்தத்தை 15 முதல் 20 டெசிபல் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடியையும் வாங்கிக்கொண்டு இரவு பஸ் ஏறுங்கள். முரசு மேடை தெரியும் பக்கமாக நில்லுங்கள்.